பதினேழாம் கேள்வி

விண்ணப்பம் கொடுத்து இரண்டு வருடமாகிறது.
இப்போது மேலதிகப் படிவம் ஒன்று வந்திருக்கிறது,
நல்ல தாள், மை ஊறாது.

பதினாறு வரைக்கும் பேனா நிற்காமல் ஓடியது:
பெயர், யோகராசா மதுவந்தி.
பிறந்தது, கும்மிடிப்பூண்டி முகாம்.
தகப்பன் பிறந்தது, கும்புறுப்பிட்டி.
காணி உறுதி, படகில் நனைந்து போனது.

பதினேழு:
விண்ணப்பித்த திகதிக்குப் பின்னர்
நீங்கள் கைதுசெய்யப்பட்டதுண்டா?
ஆமுக்கு ஒரு சதுரம், இல்லைக்கு ஒரு சதுரம்.
ஆம் எனில் விபரம் தருக.
விபரத்துக்கு இரண்டே வரி.

உப்புவெளியில் ஒரு விடுதி.
துணி வெளுக்கும் பகுதியில் நின்றேன்.
அன்றைக்கு இருபத்திரண்டு விரிப்பு, கணக்குச் சரி.
ஏழாம் அறைக்காரரின் போன் மட்டும் கணக்கில் இல்லை.
பின்னேரம் நாலு மணிக்கு
எங்கள் நாலு பேரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்,
கையெல்லாம் நீலச் சாயம்.

மற்ற மூவரும் அடையாள அட்டையை நீட்டினார்கள்.
நான் நீட்டியது
எட்டாக மடித்த விண்ணப்பப் பற்றுச்சீட்டு.
சார்ஜன்ட் திருப்பித் திருப்பிப் பார்த்தார்:
"இது என்ன, லோண்ட்ரி பில்லா?"
இரவு எட்டுக்கு அவர்களை விட்டார்கள்.
என்னை விடியும்வரை வாங்கில் இருத்தினார்கள்.
சுவரில் பல்லி ஒன்று, குழல்விளக்குக்கும் மேசைக்குமாக
யாரிடமும் கேளாமல் போய்வந்துகொண்டிருந்தது.

காலையில் போன் கிடைத்தது.
அவருடைய பையில், அவருடைய ஈரக் காற்சட்டைக்குள்.
அவர் மன்னிப்புக் கேட்டார், மிக நன்றாகக் கேட்டார்.
விடுதிக்காரர் மட்டும்
"கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம்" என்றார்.
அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

போகும்போது ஒரு புத்தகத்தை விரித்தார்கள்.
உருண்டை உருண்டையாய்ச் சிங்கள எழுத்து.
விரல் காட்டிய இடத்தில் ஒப்பம் வைத்தேன்.
பிறகு அதைப் பார்த்து வாசித்துச் சொன்னவர்
கிண்ணியாச் சட்டத்தரணி மெஹ்ரூஃபா:
சந்தேகநபர், இலக்கம் நாலு.

அங்கே பிறந்த கையோடு அகதி என்று எழுதினார்கள்.
இங்கே என்னைப் பற்றி எழுதப்பட்ட முதல் சொல் இது.

"இல்லை என்று போட்டால் யாருக்குத் தெரியும்?"
கேட்டேன்.
மெஹ்ரூஃபா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"பிடிச்சது உங்கட பிழையில்ல.
வழக்கில்ல, தீர்ப்பில்ல, அது ஒண்டுமேயில்ல.
ஆனா மறைச்சீங்களெண்டா
அது உங்கட பிழையாப் போயிரும்.
வழக்குப் போடல்ல எண்டு ஒரு கடிதம் எடுங்க."

கடிதத்துக்கு முதல் செவ்வாய் போனேன்: பெரியவர் இல்லை.
இரண்டாம் செவ்வாய்: கடற்படைத் தளத்தில் ஏதோ விழா.
மூன்றாம் செவ்வாய்: முத்திரை கொழும்புக்குப் போயிருக்கிறது.
முத்திரை எப்படிப் போகும், பஸ்ஸிலா?
நான் கேட்கவில்லை. கேட்பவர்களின் பெயரும்
ஏதாவதொரு புத்தகத்தில் ஏறக்கூடும்.

ஐந்தாம் செவ்வாய் கிடைத்தது, அரைப் பக்கம்.
பிரதி எடுத்து பஸ் நிலையத்தில் நின்றபோது
மானொன்று பின்னால் வந்து
ஒரு பிரதியை இழுத்து மென்றது.
ஓட்டோக்காரர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.
நல்லகாலம், அசல் பைக்குள்.

ஆம் என்ற சதுரத்தில் கோடு போட்டேன்.
இரண்டு வரிக்குள் என்ன கொள்ளும்?
"சந்தேகத்தின்பேரில் ஓர் இரவு. பொருள் உரிமையாளரிடமே இருந்தது."
இருபத்திரண்டு விரிப்புக்கு இடமில்லை.
பல்லிக்கும் இல்லை.

லிகிதர் வாசித்தார், பேனாவால் காதைச் சொறிந்தார்.
"கொழும்புக்கு அனுப்புவம். இனி அவையள்தான் பார்க்கவேணும்."
எவ்வளவு காலம்?
திகதி முத்திரையைக் குத்தினார், அவ்வளவுதான்.

படியிறங்கும்போது பின்னால் குரல்:
"பிள்ளை, போனை விட்டிட்டுப் போறீர்!"

திரும்பினேன்.
மேசையில், படிவங்களுக்கு நடுவே, என்னுடைய போன்.
எடுப்பதற்கு முன்
இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து
அவருக்குக் காட்டிக்கொண்டு நின்றேன்.